கார்பன் வெளிச்சம்

போன மாதம் சேலத்திலிருந்து ஒரு நண்பர் போனில் கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லுமுன் சற்றுத் தயங்கினார். ஏதோ சாவுச் செய்தி என்று எண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு விதத்தில் அது சாவுச் செய்திதான்.

"நம்ம தியேட்டரை இடிச்சுட்டாங்க" என்றார்.

எந்தத் தியேட்டர் என்று நான் கேட்கவில்லை. சேலத்தில் எத்தனையோ தியேட்டர்கள் உண்டு. ஆனால், 'நம்ம' என்ற அடைமொழி ஒன்றுக்குத்தான் பொருந்தும். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு 'நம்ம தியேட்டர்' இருந்திருக்கும். அந்தப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம். சுவரில் பாதி உரிந்த மஞ்சள் சுண்ணாம்பு, கம்பி போட்ட டிக்கெட் கூண்டு, அதற்குள் புகுந்து வெளியே வருவதற்குள் கசங்கிப்போகும் சட்டை, வாசலில் தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டி: இவையெல்லாம் எல்லாத் தியேட்டருக்கும் பொது.

நாங்கள் சேலத்துக்காரர்களும் அல்ல. மலைக்காரர்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்று ஓர் இடம் உண்டு. சாலைகள் வந்து கூடும் முக்கு அது. அந்தக் குளிரில் ஒண்டியாக ஒரே ஒரு கடை இருந்த காலத்தில் வைத்த பெயராக இருக்க வேண்டும். இன்று அங்கே கடைகளுக்குக் குறைவில்லை. இருந்தாலும் பெயர் மட்டும் ஒண்டியாகவே நிற்கிறது. அங்கிருந்து நடை தூரத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் அப்பா ரைட்டர். செக்ரோல் எழுதுவார், சம்பளக் கணக்குப் பார்ப்பார். சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் மேல் ஏறிய மிளகுக் கொடிகளும், நடுவே ஓட்டுக் கூரை போட்ட வீடும்தான் என் பிள்ளைப் பருவம்.

சினிமா என்றால் எங்களுக்குச் சேலம். முப்பது கிலோமீட்டர் தூரம், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். இறங்கும்போது அந்த எண்களை எண்ணிக்கொண்டே போவேன். பத்தாவது வளைவுக்குள் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துவிடுவார். அம்மா எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் கொடுத்து முகரச் சொல்லுவாள். அடிவாரத்தில் இறங்கியதும் காற்று மாறும். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வோம். அந்த வெப்பமே எனக்குச் சினிமாவின் முதல் காட்சி மாதிரி.

கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டிக்குப் போகும் வழியில் அந்த வளைவு வரும். இது மலை வளைவு அல்ல. கட்டி வைத்த வளைவு. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு அது. டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய கம்பெனி. சென்னைக்கு வெளியே, ஒரு ஜில்லாத் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் இவர்கள் எடுத்ததுதான். 1940-இல் பி. யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்ட 'உத்தமபுத்திரன்', 1950-இல் கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி', 1956 பொங்கலுக்கு வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் அந்த வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்தவையே. 'அலிபாபா'வைத் தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் என்பார்கள். நான் பார்த்த நாளில் ஸ்டூடியோவின் ஆரவாரம் அடங்கிவிட்டிருந்தது. இன்று உள்ளே குடியிருப்புகள். வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காடு போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பஸ்ஸில் எங்களோடு வரும் அப்பா, அந்த வளைவு இருக்கும் பக்கத்து ஜன்னலில் உட்காரமாட்டார். வேறு இடம் கிடைக்காமல் உட்கார நேர்ந்தால், அது நெருங்கும்போது சட்டைப் பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். நான் இதை வெகு நாள் கவனித்திருக்கிறேன். சிறு பிள்ளைகள் எதையும் கவனிப்பார்கள். காரணம் மட்டும் கேட்கத் தெரியாது.

அம்மாவுக்குச் சினிமா என்றால் உயிர். வருஷத்துக்கு மூன்று தடவை இறங்குவோம்: பொங்கலுக்கு ஒன்று, போனஸ் வந்ததும் ஒன்று, என் பரீட்சை முடிந்ததும் ஒன்று. பார்த்துவிட்டு வந்த படத்தை ஒரு மாதம் வரை லயத்துப் பெண்களுக்குச் சொல்லுவாள். அவள் சொல்லும் கதை படத்தைவிட நன்றாக இருக்கும். நான் கதை எழுத வந்தது எப்படி என்று யாராவது கேட்டால் பெரிய பெரிய இலக்கிய ஆசிரியர்களின் பெயர்களைச் சொல்லிவைப்பது என் வழக்கம். உண்மையில் அம்மா பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா தியேட்டர் வரைக்கும் வருவார். கூண்டுக்குள் புகுந்து இரண்டு டிக்கெட் வாங்கிக் கொடுப்பார். "நீங்களும் வாங்களேன்" என்பாள் அம்மா. "எனக்குத் தலைவலி வரும்" என்று சொல்லிவிட்டு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மூன்று மணி நேரம் கழித்து நாங்கள் வெளியே வரும்போதும் அதே பேப்பரின் அதே பக்கத்தில் இருப்பார். ஒவ்வொரு தடவையும் இந்தச் சம்பாஷணை ஓர் எழுத்துப் பிசகாமல் நடக்கும்.

உள்ளே எனக்குப் பிடித்த இடம் திரைக்கு எதிர்த் திசை. கழுத்தைத் திருப்பி, பின் சுவரின் உச்சியிலிருந்த சின்னச் சதுர ஓட்டைகளைப் பார்ப்பேன். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. அப்புறம் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். ஓட்டையிலிருந்து ஒரு கற்றை வெளிச்சம் புறப்பட்டு, பீடிப் புகையைத் துழாவிக்கொண்டு தலைக்கு மேலே போகும். எங்கோ வெள்ளம் வந்த செய்தியை அரசாங்கத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தில் காட்டுவார்கள். அதற்கும் ஒருவர் விசில் அடிப்பார். தரை டிக்கெட்டுக்காரர்கள், பெஞ்சுக்காரர்கள், சேர்க்காரர்கள் என்று வெளியே இருந்த ஜாதிகள் போதாதென்று உள்ளேயும் மூன்று ஜாதிகள். ஆனால் சிரிப்பு வரும்போது மூன்றும் ஒரே சமயத்தில்தான் சிரிக்கும்.

இந்தக் கொட்டகைகளின் வம்ச வரலாற்றைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே வரைபட ஊழியர், திருச்சிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். கையில் இருந்த உத்தியோகத்தை உதறிவிட்டு வெளிச்சத்தின் பின்னால் போன முதல் தமிழர்களில் அவர் ஒருவர். அவரைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. காரணத்தைச் சொல்லுகிறேன்.

1991 ஏப்ரல் மாதம். ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. நம்ம தியேட்டரில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பழைய பிரதி ஒன்றைப் போட்டிருந்தார்கள். கூட்டிப் போவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். புறப்பட வேண்டிய அன்று காலையில் பார்த்தால் அம்மா கம்பளியைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"காய்ச்சலுங்க. பையனுக்கு வாக்குக் கொடுத்தாச்சு, அழுவான். நீங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க."

அப்பா ஒன்றும் பேசவில்லை. வேஷ்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினார். தியேட்டரில் வழக்கம் போல எனக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்தார். ஆனால், வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "இத்தனூண்டு பையனைத் தனியா விடமுடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா டீக்கடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூண்டுக்குத் திரும்பிப் போய் இன்னொரு டிக்கெட் வாங்கிவந்தார்.

உள்ளே அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எனக்கோ எம்.ஜி.ஆரும் பானுமதியும் குகையும் திருடர்களும் போதும். அரை மணி நேரம் போயிருக்கும். அப்பா தமக்குத் தாமே மெதுவாக, "கார்பனைத் தள்ளணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அடுத்த சில விநாடிகளில் திரையின் வெண்மை மங்கி மஞ்சள் தட்டிற்று. தரை டிக்கெட்டில் விசில் கிளம்பிற்று. பிறகு மேலே யாரோ எதையோ திருகியிருக்க வேண்டும். வெளிச்சம் பளிச்சென்று திரும்பி வந்தது. ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். இடைவேளைக்குள் மூன்று தடவை அப்பா சொன்னார். மூன்று தடவையும் சொல்லி முடித்த பிறகுதான் வெளிச்சம் மங்கிற்று. சினிமாவே பார்க்காத மனிதருக்கு இது எப்படித் தெரியும்?

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சியில் அவர் கை என் கையைப் பிடித்தது. "இது நான் பிடிச்ச லைட்டு" என்றார்.

நான் திரையில் இருந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

படம் விட்டதும் அப்பா வெளியே போகவில்லை. பக்கவாட்டில் இருந்த இரும்பு ஏணிப்படியில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். மேலே இரண்டு ராட்சத மெஷின்கள். பனியன் போட்ட ஆபரேட்டர் ஒருவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். அப்பா அவரிடம் ஏதோ கேட்டார். ஐந்து நிமிஷத்தில் இருவரும் தாயாதிகள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவே எரியும் நெருப்புத்தான் அத்தனை வெளிச்சத்துக்கும் மூலம். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி அகலும், வெளிச்சம் சோரும். அதனால் ஓயாமல் தள்ளிக்கொடுக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பொட்டு வந்தால் அடுத்த மெஷினுக்கு மாற வேண்டும். இதையெல்லாம் ஆபரேட்டர் எனக்குச் சொன்னார். செப்புப் பூச்சு மின்னும் ஒரு கார்பன் துண்டை என் கையில் கொடுத்தார். சுண்டு விரல் நீளம் இருக்கும். நான் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசி பஸ்ஸில் திரும்பினோம். வளைவைத் தாண்டும்போது அப்பா இருட்டில் அதை நேராகப் பார்த்தார். மலை ஏற ஆரம்பித்ததும் சொன்னார். பதினேழு வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் இறங்கிப்போய் அந்த ஸ்டூடியோவில் லைட் தூக்கும் எடுபிடியாகச் சேர்ந்தாராம். பெல்ஜியத்து கேவா கலர் பிலிமில் எடுத்த படம் 'அலிபாபா'. கறுப்பு வெள்ளைக்குப் போடுவதைவிட அதிக வெளிச்சம் வேண்டும். ஆர்க் லைட்டுகளின் பக்கத்தில் நின்றால் அனல் அடிக்கும். அங்கும் கார்பன்தான். தேயத் தேயத் தள்ளிக்கொண்டே இருப்பது அவர் வேலை.

"அப்புறம் ஏங்கப்பா விட்டுட்டீங்க?"

"1957-லே உங்க தாத்தா தவறிட்டார். எனக்குக் கீழே நாலு பேர். பத்து நாள் காரியத்துக்குன்னு மேலே வந்தேன்."

பஸ் ஒரு வளைவில் திணறித் திரும்பிற்று. பதினான்கோ பதினைந்தோ.

"அம்மாவுக்குத் தெரியுங்களா?"

"சொல்லலை. சொன்னா மறுபடி போகணும்னு தோணும். இப்ப உங்கிட்டச் சொன்னேன், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்கு, வேறு யாரிடமும் சொல்லாதே என்பதே பொருள். பன்னிரண்டு வயதில் எனக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும் நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு வாரம் தாங்கினேன். எட்டாம் நாள் ஒண்டிக்கடையில் கார்பன் துண்டைக் காட்டி, எம்.ஜி.ஆருக்கு லைட் பிடித்தவர் எங்கப்பா என்று பையன்களிடம் அளந்துவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையையும் அளக்க முடியும். செய்தி டீக்கடைக்குப் போயிற்று. டீக்கடையிலிருந்து எஸ்டேட்டுக்குப் போயிற்று. மறுநாள் மாலை நான் அப்பாவோடு வெற்றிலை வாங்கப் போயிருந்தபோது கடைக்காரர், "என்னங்க ஆர்க் லைட்டு, இன்னிக்கு வெளிச்சம் எப்படி?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகச் சொல்ல முடியாது. அப்பாவும் சிரித்தார். வெற்றிலையை வாங்கிக்கொண்டு நடந்தார். வழி நெடுக என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓர் அடி கொடுத்திருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

அந்தப் பெயர் அவருக்கு இரண்டு மூன்று வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் சேலம் போனோம். அப்பா டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த ஸ்டூடியோவைப் பற்றி என்னிடம் மறுபடி பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள், யார் யாரைப் பார்த்தீர்கள், எங்கே தூங்கினீர்கள் என்று கேட்க ஆயிரம் கேள்விகள் இருந்தன. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நான் எழுத்து என்று கிளம்பியபோது ஊரே திட்டிற்று. அப்பா மட்டும், "போ, பார்த்துக்கலாம்" என்றார். அப்போதாவது கேட்டிருக்கலாம். 2009-இல் அவர் போய்விட்டார்.

தியேட்டரும் மெல்ல மெல்லப் போயிற்று. 1993-க்குப் பிறகு டிஷ் ஆண்டெனாக்களும் கேபிளும் வீட்டுக்கு வந்தன. அப்புறம் பெட்டி பெட்டியாக வந்த பிலிம் சுருள் நின்று எல்லாம் டிஜிட்டல் ஆயிற்று. அதற்கு ஆகும் செலவைச் சின்ன முதலாளிகளால் தாங்க முடியவில்லை. நம்ம தியேட்டர் முதலில் கோடவுன் ஆயிற்று, பிறகு வெறுமனே பூட்டிக் கிடந்தது, போன மாதம் இடிந்தது.

நண்பர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கண் கொஞ்சம் மங்கல், ஞாபகம் மங்கவில்லை. "பாவம்" என்றாள். பிறகு, "அங்கேதானே உங்கப்பா உன்னோட படம் பார்த்தாரு" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பாரத்தை அன்று இறக்கினேன். அப்பா ரகசியமாகச் சொன்னதையும், நான் அதை ஊருக்குச் சொன்னதையும் சொன்னேன்.

"தெரியும்டா" என்றாள். "கல்யாணம் பேசறப்பவே எங்க மாமா விசாரிச்சுச் சொல்லிட்டாரு. மாப்பிள்ளை ஸ்டூடியோவிலே இருந்தவரு, குடும்பத்துக்காக விட்டுட்டு வந்தவருன்னு. அதுக்காகத்தான் நான் சரின்னேன். அவரா ஒரு நாள் சொல்லுவாருன்னு இருந்தேன். சொல்லலை. ஒவ்வொரு தடவையும் உள்ளே வாங்கன்னு கூப்பிடுவேன். வரலை. அந்தப் படத்தைப் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சதும் காய்ச்சல்னு படுத்துக்கிட்டேன்."

"காய்ச்சல் இல்லையா?"

"எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நான் சொல்லித் திரிந்ததில் அப்பாவுக்கு வருத்தமா?

"வருத்தந்தான். இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரி கடைசி பஸ்ஸிலே வந்து நின்னாரு பாரு, அப்படி ஒரு முகத்தை அதுக்கு முன்னே நான் பார்த்ததில்லை. அதையும் நீதானே கூட்டிக்கிட்டு வந்தே."

அன்று மாலை என் லேப்டாப்பில் 'அலிபாபா'வைப் போட்டு அம்மா எதிரில் வைத்தேன். மிகவும் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இடைவேளைக்கு அப்புறம் வரும் பகுதி வந்ததும் கேட்டாள்: "எதுடா அவரு பிடிச்ச லைட்டு?"

எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்துச் சொன்ன விநாடியில் நான் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை என்று முன்பே சொன்னேன். ஆனாலும் இந்தத் தடவை அவளை ஏமாற்ற மனம் வரவில்லை. திரையில் ஒரு சுவரின் மேல் நல்ல வெளிச்சம் விழுந்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இதுதாம்மா" என்றேன்.

அந்தக் காட்சி முடியும் வரை அம்மா ஆட்களைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.